வண்டிக்கு நிழல் தேடுகிறவர்

மகுடேஸ்வரன் காரோடு பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போகிறார். வழி தெரியாமல் இல்லை. வண்டிக்கு நிழல் தேடுகிறார். வாசலில் தாராளமாக இடம் இருக்கிறது, ஆனால் வெயிலில் இருக்கிறது. தெருவைச் சுற்றி, சந்தில் நுழைந்து, யார் வீட்டு வேம்போ மதிலைத் தாண்டித் தலை நீட்டும் இடத்தில் நிறுத்திவிட்டு, மரக்கன்றுகளை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவார். "வெயில்ல நின்னா பெயின்ட் மங்கீருமுங்க" என்று கேட்காதவர்களிடமும் காரணம் சொல்வார். மரத்தின் அருமையை அந்த வண்டி அளவுக்கு அனுபவித்தவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு.

அருள்புரத்தில் அவருக்கு ஒரு பனியன் கம்பெனி. வெள்ளிக்கிழமை மதியமானால் அதை மைத்துனர் கன்னையன் தலையில் கட்டிவிட்டு, பள்ளிகளுக்கு மரம் பற்றிப் பேசக் கிளம்பிவிடுவார். ஆரம்பத்தில் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டாலும் வருவார் என்று தெரிந்தபின் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் வைத்த பெயர் 'மரத்து சார்'.

துணிக்காரர் கை சும்மா இருக்காது. இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டுத்தான் பேச்சே. "புங்கன் எலையத் தொட்டுப் பாருங்க கண்ணு. என்ன பினிஷிங்!" கன்றைக் குச்சியோடு சேர்த்துக் கட்டுவது பனியன் வேஸ்ட் துணியால். கயிறு தண்டை அறுக்கும், பனியன் துணி இழுத்துக் கொடுக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதனால் அந்தப் பக்கத்துக் கன்றுகள் எல்லாம் ஏதோ வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சிய ரோஸ், ஆரஞ்சுப் பட்டிகளை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கின்றன.

பாடம் எப்போதும் ஒரே கேள்வியில் தொடங்கும். "பனியன் தைக்க என்ன வேணும்?" பருத்தி, பருத்திக்கு மழை, மழைக்கு மரம் என்று போவது அவர் திட்டம். "ஆர்டர் வேணும் சார்!" என்று வகுப்பே கத்தும். அப்பாவும் அம்மாவும் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் வேறென்ன சொல்லும்? எந்தப் பள்ளிக்குப் போனாலும் இதே பதில்தான்; அவரும் கேள்வியை மாற்றுவதாக இல்லை. "அது சரிங்க கண்ணு, அதுக்கு முன்னால?" என்று விடாப்பிடியாக மழைக்கு இழுத்து வந்துவிடுவார். கடைசியில், "தொட்டியில வெச்சா அது மரமில்லீங்க, ஜெயிலு. வேரு பூமிக்குள்ள போகோணும்" என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அதில் நடிப்பு இல்லை. மனிதர் மரத்தின் மேல் அத்தனை பிரியம் வைத்திருக்கிறார்.

கூடவே ஒரு காம்பவுண்டும் வைத்திருக்கிறார். சிமென்ட் ஷீட் போட்ட வரிசை வீடுகள். தெற்கத்திச் சீமையிலிருந்து கம்பெனிக்கும் மில்லுக்கும் வேலைக்கு வந்த குடும்பங்கள் குடியிருக்கின்றன. முன்பு அங்கே நின்ற புங்கமரம் வேர் விட்டு செப்டிக் டேங்கைப் பிளந்துவிட்டது. அன்றைக்கே அதை வெட்டிப்போட்டு வாசல் முழுக்கச் சிமென்ட் கொட்டியவர் நம் மரத்து சார்தான். "ஒரு சொட்டுத் தண்ணி நிக்காதுங்க" என்று அதிலும் பெருமை. 'செடி வைக்கக் கூடாது' என்று கேட்டில் பலகை உண்டு. வாடகை வாங்குவதும் அதட்டுவதும் மனைவி மயிலாத்தாள் பொறுப்பு. அதனால் மரத்து சாரும் வீட்டு ஓனரும் ஒரே சட்டைக்குள் இருந்தும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டதில்லை.

போன மாதம் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு கன்று கொடுத்து, வீட்டு வாசலில் நடச் சொல்லியிருந்தார். நதியா என்ற பெண் மட்டும் புங்கங்கன்றைத் திரும்பக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"ஏங்கண்ணு, புடிக்கலீங்களா?"

"எங்க வீட்டு ஓனர் வைக்க விடமாட்டாவ சார்."

மகுடேஸ்வரனுக்கு வந்ததே கோபம். "செடி வெக்க உடமாட்டானா? மனுசனா அவன்? பேரச் சொல்லு கண்ணு, நானே வந்து பேசறேன்."

நதியா ஆஷா டீச்சரைப் பார்த்தாள். பயப்படாமல் சொல் என்று டீச்சர் தலையசைத்தார்.

"நீங்கதான் சார்."

வகுப்பு முதலில் வாயைப் பொத்தியது, பிறகு பொத்த முடியவில்லை. ஆஷா டீச்சர் கரும்பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டார். அதில் எழுத்து ஒன்றும் இல்லை.

மகுடேஸ்வரன் வியாபாரி, பேரம் கைவந்த கலை. "இங்கயே பள்ளிக்கூடத்துல வெச்சுக்கலாமுங்களா கண்ணு?"

"இங்க நிறைய இருக்குல்லா. எங்கம்மைக்கு மில்லுல நைட் ஷிப்டு. பகல்ல ஷீட்டு கொதிக்கி சார், உறக்கமே இல்ல."

"அப்ப ஒரு தொட்டியில..."

"தொட்டியில வச்சா ஜெயிலுன்னு நீங்கதான சொன்னீய?"

பாடத்தைக் கவனித்துக் கேட்கிற பிள்ளைகளால் இப்படியும் ஒரு தொந்தரவு.

வீட்டில் மெல்ல ஆரம்பித்தார். மயிலாத்தாள் முடிக்க விடவில்லை. "ஏனுங்க, டேங்கு பொளந்தப்ப அந்த நாத்தத்துல நின்னவ நானு. உங்க மரத்தையெல்லாம் ஊருக்குச் சொல்லீட்டு வாங்க, நம்ம காம்பவுண்டுக்குக் கொண்டாராதீங்க." பிள்ளைகள் சிரித்ததை அவர் மறந்தேவிட்டார். ஷீட்டு கொதிக்கிறது என்பதை ஒரு குறையாகக்கூடச் சொல்லாமல், மழை பெய்கிறது என்பதுபோல அந்தப் பெண் சொன்னதுதான் முள்ளாகக் குத்தியது. அந்த ஷீட்டைத் தேர்ந்தெடுத்தவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு காம்பவுண்டுக்குப் போனார். வண்டியை எதிர்த்தெரு வாகை நிழலில் நிறுத்த மறக்கவில்லை. டேங்கிலிருந்து தள்ளி, நதியா வீட்டு வாசலுக்கு நேரே இடம் பார்த்தார். கொத்தனாரைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் மயிலாத்தாள் காதுக்குப் போய்விடும். தான் பெருமையடித்த சிமென்ட் எவ்வளவு கெட்டி என்பது அன்றைக்குத்தான் அவர் தோளுக்குத் தெரிந்தது. மில்லிலிருந்து வந்து கண்ணயர்ந்திருந்த நதியாவின் அம்மா மூக்கம்மாள் எழுந்து வெளியே வந்தாள். "சார், நீங்க போங்க, நா இடிக்கேன்" என்றாள்.

"நீங்க ஒறங்குங்க அம்மிணி, சத்தம் இப்ப முடிஞ்சிரும்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, மதியம் தாண்டியும் இடித்தார். அவள் நிழலில் உறங்கவேண்டும் என்று நடும் மரத்தால் அவளுடைய அன்றைய உறக்கம் முழுசாகப் போனது.

நதியா கன்றை இறக்கினாள். அவர் ரோஸ் பட்டியால் கட்டினார். தண்ணீர் ஊற்றி நிமிர்ந்தபோது வெயில் மேற்கே சாய்ந்து நேராகக் கன்றின் மேல் விழுந்தது. சுற்றிலும் சிமென்ட் அனல் கக்கியது. இலைகள் அதற்குள் துவண்டுவிட்டன. மகுடேஸ்வரன் கன்றைப் பார்த்தார், எதிர்த்தெருவில் சொகுசாக நின்ற வண்டியைப் பார்த்தார்.

போய் வண்டியைக் கிளப்பி காம்பவுண்டுக்குள் கொண்டுவந்தார். "பாத்துச் சொல்லு கண்ணு" என்று நதியாவை நிற்கவைத்து முன்னால் எடுத்தார், பின்னால் எடுத்தார். நிழல் கன்றின் உச்சி வரை வந்ததும் அவள் கையைக் காட்டினாள். கொளுத்தும் வெயிலில் வண்டியை அப்படியே பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, துண்டைத் தலையில் விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.