கரையாமல் நின்ற உரம்

குருவிநத்தத்தில் ஆற்றையொட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வீட்டு ஆண்கள் கம்பெனி வேலைக்குப் போவதால் பயிரைப் பார்ப்பது நானும் என் ஓரகத்தியும்தான். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்களுடையது மணல் பாங்கான மண். யூரியா போட்ட கையோடு மழை பிடித்தால் சத்தெல்லாம் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். மக்காச்சோளம் வருஷா வருஷம் பாதியிலேயே மஞ்சளாகும்.

ஒரு ஆவணியில் வேளாண் அலுவலகக் கூட்டத்தில் மெல்லக் கரையும் உரம் என்று ஒன்றைக் காட்டினார்கள். யூரியாதான். மேலே பூச்சு பூசியிருந்ததால் சத்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். சோதனையாகப் போட்டுப் பார்க்க யார் தயார் என்று அதிகாரியம்மா கேட்டபோது, முன்வரிசை ஆண்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கை தூக்கினேன்.

"இன்னாடி, இருக்குற நிலத்துல விளையாடப் போறியா?" என்றார் அக்கா.

"பாதி எனக்கு வுடுக்கா. மீதியில நீ எப்பவும் போல போடு."

அப்படியே செய்தோம். சத்தின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். என் பாதியில் விதைக்கும்போதே மொத்தத்தையும் போட்டு மண் மூடினேன். அக்கா மூன்று தவணையாகப் பிரித்துக்கொண்டார்.

முதல் மாதம் எனக்கு அவமானம்தான். அக்காவின் பயிர் கருகருவென்று எழும்ப, என்னுடையது வெளிறி நின்றது. தினமும் காலையில் போய் இலையைத் தடவிப் பார்ப்பேன்.

அக்கா இரண்டாம் தவணை போட்ட மறுநாளே மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. வடிந்து, கால் வைக்க முடிந்தபோது இருவரும் ஒன்றாகத்தான் போனோம். அக்கா பக்கத்தில் அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்போடு மஞ்சள் ஓடிக் கிடந்தன. என் பக்கம் அதற்குள் மெல்ல ஏறியிருந்த பச்சை இறங்கவே இல்லை. அக்கா வரப்பிலேயே நின்றுவிட்டார். நான் உள்ளுக்குள் குதித்தேன். மூன்றாம் தவணையை அக்கா போட்டுப் பார்த்தார். போன தெம்பு முழுசாகத் திரும்பவில்லை.

மார்கழியில் கதிர் ஒடித்தோம். என்னுடையதை உரித்தால் நுனி வரை மணி. அக்காவுடையதில் பல கதிர்கள் நுனி பொக்கையாக இருந்தன. மிஷினில் அடித்து முடித்ததும் என் பாதி மூட்டைகள் அக்காவுடையதைவிட ஒரு வரிசை கூடுதலாக ஏறி நின்றன. மிஷின்காரர், "எந்தக் கம்பெனி விதைமா?" என்று கேட்டார்.

"விதை ரெண்டும் ஒண்ணுதாங்க," என்றேன்.

அடுத்த கூட்டத்தில் அதிகாரியம்மா மைக்கை என் கையில் கொடுத்தார். பின்னாலிருந்து ஒருவர், "ஒரே தடவை போட்டா போதுமா? நம்புற மாதிரியா இருக்கு?" என்றார்.

"மழையில்லாத வருஷம் எப்படின்னு எனக்குத் தெரியாதுங்க. எங்க மணல்ல, இந்த மழைக்கு, நின்னுச்சு. அத நான் கண்ணால பாத்தேன்."

அவர் மறுபடி வாயெடுப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"தோத்த பாதி என்னுதுதான்பா. நானே சொல்றேன், இன்னா சந்தேகம் உனக்கு?"

கூட்டமே சிரித்துக் கைதட்டியது. கலைந்து வெளியே வருவதற்குள் எட்டுப் பத்துப் பேர் எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டார்கள். முன்வரிசைக்காரர்களும் அதில் இருந்தார்கள்.