எதிரில் நிற்க ஒருத்தி

முதல் வகுப்பன்று என் முழு எடையையும் என் நாத்தனாரின் நெஞ்சின் மேல் வைத்து அழுத்தச் சொன்னார்கள். நீல நிற ரப்பர் விரிப்பில் அவள் மல்லாந்து கிடந்தாள். நான் அவளுக்குக் குறுக்கே கவிழ்ந்து படுத்திருந்தேன். எங்கள் வீட்டில் நாத்தனாரும் அண்ணியும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்ததுகூடக் கிடையாது. கூச்சத்தில் முழங்கைகளைத் தரையில் ஊன்றி, என் பாரம் அவள் மேல் விழாதபடி தாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கல்லூரிப் பெண்கள் ஒருவரையொருவர் புரட்டிப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்களை மூடிக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “இன்னும் அழுத்துங்க அண்ணி. கைய எடுத்துட்டு முழுசா படுங்க.”

அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் அவளுடைய ஒரே மகன் இறந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம். நண்பனோடு பைக்கில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவன், கனகசெட்டிக்குளம் தாண்டுவதற்குள் லாரியில் அடிபட்டான். குவைத்திலிருந்து அவள் புருஷன் அடக்கத்துக்கு வந்தார், விடுப்பு முடிந்ததும் திரும்பிப் போனார். புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் அவள் தனியாக இருந்தாள். மேட்டுப்பாளையத்தில் மாத்திரை பேக் செய்யும் கம்பெனிக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது, ஏதாவது உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்கள் தெருமுனை மாடியில், முன்பு டியூஷன் நடந்த ஹாலில், பெண்களுக்கென்று ஜியு-ஜிட்சு வகுப்பு தொடங்கியிருந்தது. அது என்னவென்று தெரிந்து நான் போகவில்லை. அவளை வீட்டை விட்டு வெளியே இழுக்க ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான். “எனக்குத் துணைக்கு வா” என்றேன். மறுக்கத் தெம்பில்லாமல் வந்தாள்.

அது அடிக்கிற உதைக்கிற சண்டை இல்லை. கனத்த வெள்ளை உடையின் காலரைப் பிடித்து, கீழே தள்ளி, மேலே ஏறி அமுக்கி, கையையோ கழுத்தையோ மடக்குவது. சிக்கிக்கொண்டவர் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். சொல்லிக்கொடுத்த மாஸ்டர் எங்களைவிடச் சின்னவர், பெங்களூரில் கற்றுக்கொண்டு வந்தவர். வந்த நாளில் இருந்தே தட்டுவதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். என் நாத்தனாருக்கு மற்றதெல்லாம் வந்தது, அது மட்டும் வரவில்லை. ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி அவள் கையை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல இழுக்கிறாள், இவள் தட்டவில்லை. முழங்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பயந்துபோய் விட்டுவிட்டு அழுதது அந்தப் பெண்தான். இவள் கையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

“ஏம்மா தட்டல?” என்று மாஸ்டர் கத்தினார்.

“வலி அவ்ளோவா தெரியல மாஸ்டர்.”

அவர் ஐஸ் எடுத்துவரப் போனார். அவருக்கு அவள் மகன் விஷயம் தெரியும். அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். அதுதான் அவளுடைய தொல்லையாக இருந்தது என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. கம்பெனியில் அவளுக்குக் கடினமான வேலை எதையும் கொடுப்பதில்லை. மீன் விற்கிறவள் அவளிடம் பேரம் பேசுவதில்லை. மாதா கோயிலில் அவள் வந்தால் பெஞ்சில் இடம் விட்டு, குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். விரிப்பின் மேலும் அப்படித்தான். அவள் லேசாகத் தள்ளினாலே எதிரில் இருப்பவர்கள் சரிந்து கொடுத்தார்கள். நானும் சரிந்து கொடுத்தேன்.

சென்னையில் புதியவர்களுக்கான போட்டி நடக்கப்போவதாக மாஸ்டர் சொன்னபோது கல்லூரிப் பெண்களே தயங்கினார்கள். என் நாத்தனார் கையைத் தூக்கினாள். வீட்டுக்கு நடந்து வருகையில், உனக்கெதற்கு இது என்று கேட்டேன். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த வருடத்தில் நான் கேட்டதில்லை.

“அங்க எதிர்ல நிக்கிறவ யாருன்னே எனக்குத் தெரியாது. எம் புள்ள கதையும் அவளுக்குத் தெரியாது. பாவம்னு பாக்க மாட்டா அண்ணி. நெஜமா புடிச்சி அமுக்குவா. நானும் நெஜமா தள்ளணும். ஒரே ஒரு வாட்டி அப்டி யாராவது எங்கிட்ட நடந்துக்கணும்.”

தட்டாவிட்டால் அனுப்ப மாட்டேன் என்றார் மாஸ்டர். அதனால் தட்டக் கற்றுக்கொண்டாள். அவள் முதன்முதலாகத் தானாகத் தட்டியது என் முதுகில்தான். கழுத்துப் பிடி போட்டிருந்தேன். பட் பட் என்று இரண்டு தட்டு. விட்டேன். எழுந்து உட்கார்ந்து இருமினாள், “வலிச்சிது” என்றாள். எல்லோரும் கை தட்டினோம்.

ஆனால் உடம்பில் சத்து இல்லை. மகன் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிட்டதே கிடையாது. காலர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். மற்றவர்கள் எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்தார்கள், இவளைச் சாப்பிடச் சொன்னார் மாஸ்டர். அதுதான் அவளுக்கான பயிற்சி. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்ததும் நான் வஞ்சிரம் வறுத்து, முட்டை அவித்து, டிபன் பாக்ஸில் கொண்டுபோவேன். முதல் வாரம் மருந்து விழுங்குவதுபோல விழுங்கினாள். பிறகு ஒரு மாலை, நான் படியேறும்போதே, “இன்னிக்கி என்னா கொழம்பு அண்ணி?” என்று உள்ளே இருந்து கேட்டாள். படியிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். முகத்தில் சதை வந்தது. கம்பெனிக்குக் கிளம்பும் முன் படி ஏறி இறங்கினாள், தலையணையைக் காலில் கவ்விக்கொண்டு புரண்டு பழகினாள். என்னைத் தரையில் வீழ்த்தி, மேலே ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்க அவள் சிரித்ததை நான் பார்த்தேன். எடை கூடியதால் மாஸ்டர் அவள் பெயரை அடுத்த எடைப் பிரிவுக்கு மாற்றிப் பதிந்தார். எங்கள் எல்லோருக்கும் அது வெற்றியாகத் தெரிந்தது.

சென்னைக்குக் கிளம்புகையில், திண்டிவனம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

“அந்த எடம் எங்க போயிடப் போவுது? அங்கியேதான் இருக்கும். ஈசிஆர் பஸ்லயே போவோம்.”

கனகசெட்டிக்குளம் வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். வலை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு டீக்கடை. அதைத் தாண்டிச் சாலை லேசாக வளைந்தது. பஸ் அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அவள் என் பக்கம் திரும்பி, வாழைப்பழம் இருக்கிறதா என்று கேட்டாள்.

போட்டி நடந்த உள்விளையாட்டரங்கில் ஒரே இரைச்சல். எடை பார்த்தார்கள், உடையின் அளவு பார்த்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த தாளில் யாருக்கு யார் எதிர் என்று போட்டிருந்தது. அவளுடைய வயதில், அவளுடைய எடையில், அவள் பெயர் மட்டும் தனியாக இருந்தது. எழுதாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தோம். மாஸ்டர் போய்க் கேட்டுவிட்டு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: அந்தப் பிரிவில் வேறு யாரும் பதியவில்லை. அதற்குக் கீழ்ப் பிரிவில் மூன்று பெண்கள் இருந்தார்கள். சாப்பிடாமல் இருந்திருந்தால் அவளும் அங்கே இருந்திருப்பாள்.

மாஸ்டர் மேஜை மேஜையாக அலைந்தார். வயதில் குறைந்த பிரிவில் இருந்த ஒரு பெண்ணோடு சும்மா ஒரு ஆட்டம் விடச் சொல்லிக் கெஞ்சினார். அந்தப் பெண் தயாராகத்தான் இருந்தாள். அவளுக்கு அடுத்து நிஜப் போட்டி இருக்கிறது, அடிபட்டால் என்ன செய்வது என்று அவளுடைய மாஸ்டர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். என் நாத்தனார் உடையின் நாடாவை இறுக்கிக் கட்டியபடி, கால்களை மாற்றி மாற்றி உதறிக்கொண்டு, உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டே இருந்தாள். “யாராவது வருவாங்களா மாஸ்டர்?” என்று இரண்டொரு தடவை கேட்டாள். பிறகு கேட்கவில்லை, உதறுவதும் நின்றது.

ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எதிராளி இல்லாததால் தங்கம் அவளுக்கே என்றார்கள். மூன்று படிகள் கொண்ட மேடையில் நடுப்படியில் ஏறி நின்றாள். இரண்டு பக்கமும் காலி. “கைய தூக்குங்க மேடம், கொஞ்சம் சிரிங்க” என்றான் படம் எடுத்தவன். அவள் கையைத் தூக்கினாள்.

அந்தப் படம் எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் கோயில் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் நிரம்பின. குவைத்திலிருந்து புருஷன் வீடியோவில் வந்து, தன் கம்பெனி ஆட்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். யாரோடும் சண்டையே நடக்கவில்லை என்று அவள் சொன்னதை அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் பங்குத்தந்தை அறிவிப்புகளை வாசித்துவிட்டு, நம் பங்கைச் சேர்ந்த சகோதரி இவ்வளவு பெரிய துயரத்திலும் மனம் தளராமல் சென்னை போய்த் தங்கம் வென்று வந்திருக்கிறார் என்று சொல்லி அவளை எழுந்து நிற்கச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். கோயிலே கை தட்டியது. வயதான பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் எழுந்து நின்றாள். அத்தனை பேரும் அவளைப் பார்த்த பார்வை, சரிந்து கொடுக்கிற அதே பார்வை.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: “ஒருத்தியாவது வந்து என்னத் தோக்கடிச்சிருக்கலாம் அண்ணி.”

அதற்குப் பிறகு அவள் ஹாலுக்கு வரவில்லை, பூசைக்கும் வருவதில்லை. மாஸ்டர் வீட்டுக்கே வந்து அடுத்த போட்டியைப் பற்றிச் சொன்னார். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், பார்க்கலாம் மாஸ்டர் என்றாள். அந்தப் போட்டியும் நடந்து முடிந்தது. நான் இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். எனக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது.

நேற்றும் சாப்பாடு கொண்டுபோனேன். முந்தின நாள் டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வா, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம் என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இந்த விளையாட்டு கொஞ்சம் பழகிய உடம்புகூட, யாராவது கையைப் பிடித்தால் யோசிக்காமல் முழங்கையை விலாவோடு ஒட்டி இழுத்துக்கொள்ளும். வீட்டில் தூக்கத்தில் என் புருஷன் கை பட்டால்கூட எனக்கு அப்படி ஆகிறது. அவளுடைய கை, நான் இழுத்த அளவுக்கு நீண்டு வந்து, அங்கேயே நின்றது. விட்டால் விழுந்துவிடும்போல இருந்ததால், அதைப் பிடித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.