காலையில் எழாத பெட்டி

தூங்கிவிட்டான் என்று ஒருவன் மேல் பேச்சு விழுந்தால் அது லேசில் போகாது. கொளஞ்சியின் மேல் விழுந்து ஏழு வருஷம் ஆகிறது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டில் சூளை போடுகிறவர் அவர். ஒரு ஐப்பசியில் டிராலி நிறைய பீங்கான் ப்யூஸ் கேரியர் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கோளாறு பர்னரில். முதலாளி சக்கரபாணி வந்து பார்த்தார். எல்லோர் முன்னாலும், "தூங்கிட்டியா?" என்றார். பதில் வருவதற்குள் போயும் விட்டார். அதன்பிறகு கொளஞ்சி கொட்டாவி விட்டால்கூட டீக்கடையில் ஒருத்தன் சிரிப்பான். அவருக்கு அன்றைக்குக் கண்ணே மூடவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளி ஒரு பெட்டி மாட்டினார். சூளையின் சூட்டைப் பார்த்து எழுதி வைக்கும், ஏறினாலும் இறங்கினாலும் முதலாளி போனில் கத்தும். கண்ணாடிக் கதவு, பூட்டு, சாவி முதலாளியின் இடுப்பில். அதற்குள் ஓடுகிற புரோகிராமை எழுதிக் கொடுத்தவள்தான் இளமதி.

இளமதிக்கு அப்போது முப்பத்தாறு. கம்மாபுரம் பக்கத்தில் சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பம். இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் பதினோரு வருஷம் ஒரு டெலிபோன் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதினாள். அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததும் திரும்பி வந்து, ஜங்ஷன் ரோட்டில் வாடகைக்கு வீடு பிடித்து, அதே வேலையை வீட்டிலிருந்து பார்த்தாள். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பது, மீட்டிங், கஞ்சி, மறுபடி மீட்டிங். நடுவில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சூளைக்கு வருவாள். டீயை நின்றுகொண்டே குடிப்பாள். அதிகம் பேசமாட்டாள்.

பெட்டிக்கு ஒரு வியாதி இருந்தது. சூளை பற்றவைக்கிற காலையில் எழுந்திருக்காது. சின்னத் திரையில் சிவப்பாக நாலைந்து வரி இங்கிலீஷில் நிற்கும். பதினொரு மணிக்கு முதலாளி வந்து, பூட்டைத் திறந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். உடனே ஓடும்.

"நான் வந்தா ஓடுது, நீ இருந்தா ஓடல. என்னாடா பண்ற அத?" என்பார்.

"நான் தொடவே இல்லிங்க மொதலாளி."

"தொடாம எப்படி நிக்கும்? எழுதி வச்சா மாட்டிக்குவோம்னு நிறுத்துற."

கொளஞ்சி கண்ணாடிக்கு வெளியே நின்று திரையைப் போட்டோ எடுத்து இளமதிக்கு அனுப்புவார். அவள் வருவதற்குள் முதலாளி ஆன் பண்ணியிருப்பார். பெட்டி புதிதாக எழுந்தால் பழைய எழுத்தை அழித்துவிடும். இடம் சின்னது, அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். அதனால் கையில் இருப்பது போட்டோவில் விழுந்த கடைசி நாலு வரி மட்டும். எல்லாம் நின்றுவிட்டது என்றுதான் அது சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லாது.

"இதுக்குள்ள மூணு பேரு இருக்காங்கன்னு வச்சுக்குங்கண்ணே," என்று ஒரு நாள் சொன்னாள். "ஒருத்தன் சூடு பாக்கறவன், ஒருத்தன் எழுதறவன், ஒருத்தன் போன்ல கத்தறவன். மேல ஒரு மேஸ்திரி. எவன் வுழுந்தாலும் மேஸ்திரி தூக்கி நிறுத்திடுவான். அதுக்காகவே உண்டான ஏற்பாடு இது."

"நம்ம மேஸ்திரி அப்படிக் கெடையாதும்மா. வுழுந்தா பேர வெட்டிடுவான்."

அவள் சிரித்தாள். சிரித்ததை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேஸ்திரி எத்தனை தடவை தூக்கலாம் என்பதை மூன்றிலிருந்து பத்தாக்கினாள். யார் முதலில் எழுவது என்பதை மாற்றினாள். முந்தின தடவை எழுந்த ஆள் போகாமல் அதே பேரில் உள்ளே உட்கார்ந்திருக்கிறானோ என்று தேடினாள். எதுவும் உதவவில்லை. அவள் வீட்டு மேசையில் நூறு தடவை போட்டாலும் பெட்டி எழுந்தது. இங்கேயும் காலையில் கரண்டு தாமதமாக வந்த நாளில் ஒழுங்காக எழுந்தது. அது ஏன் என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை.

ஒரு மத்தியானம் லேப்டாப்பை மடியில் வைத்தபடியே களிமண் மூட்டை மேல் தூங்கிப்போனாள். கொளஞ்சி அவளுக்கும் முதலாளியின் ஆபீஸ் ரூமுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். ஒரு மணி நேரம் அங்கேயே நின்று பீடி குடித்தார். தூங்கிவிட்டாள் என்ற பேச்சு அந்த ஷெட்டில் இன்னொருத்தர் மேல் விழ வேண்டாம்.

தை மாசம் முதலாளி கடைசியாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தரம் பெட்டி நின்னுச்சுன்னா நீ மண்ணு அரைக்கற மில்லுக்குப் போயிடு. சூளைய நான் மில்லுல இருக்கற பாண்டியன்கிட்ட குடுக்கறேன்."

அன்று மாலை கொளஞ்சி இளமதிக்குப் போன் செய்தார். "எம்மா, நாளைக்குக் காலையில நீ வந்தாவணும். மொதலாளி வர்றதுக்கு முன்னால. பத்த வைக்கறதுக்கும் முன்னால."

அப்பாவைப் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஆறு மணிக்கு வந்தாள். முகம் கழுவின ஈரம் காயவில்லை. கொளஞ்சி எப்போதும் செய்கிற மாதிரி செய்தார். டிராலி ஏற்றும்போது இடிபடும் என்று, சூடு பார்க்கிற கம்பியை முதல் நாளே ஒயரிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். மெயினைப் போட்டார். விசிறி ஓடியது, பெட்டிக்கும் விளக்கு வந்தது. சூளை வாசலைக் கூட்டினார். உடைந்த பீங்கான் சில்லில் கற்பூரம் ஏற்றினார். கற்பூரம் காட்டாமல் சூளைக்குள் எதையும் சொருகுவதில்லை. அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான்.

"அண்ணே," என்றாள் இளமதி. "கம்பி ஆணியில இருக்குது."

"கற்பூரம் அணையட்டும்."

"பெட்டி எழுந்திடுச்சே."

"எழுந்தா என்னா?"

அவள் லேப்டாப்பை வைஃபை வழியாகப் பெட்டியோடு சேர்த்தாள். சிவப்பு வரிகளை மேலே தள்ளித் தள்ளி, உச்சியில் இருந்த முதல் வரிக்குப் போனாள். படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"சூடு பாக்கறவன் எழுந்ததும் கம்பியத் தேடறான். இல்ல. அங்கயே வுழுந்துடறான்."

"மேஸ்திரி தூக்குவான்னு சொன்னியே."

"வேலைக்கு வந்து நின்னப்புறம் வுழுந்தாத்தான் தூக்குவான். வாசல்லயே வுழுந்தா தூக்க மாட்டான். மத்தவங்களயும் கூட்டிக்கிட்டு வூட்டுக்குப் போயிடுவான். எனக்குத் தெரிஞ்சதுதாண்ணே. பதினோரு வருஷம் பண்ணேன். கம்பி வெளிய தொங்கும்னு மட்டும் தோணல. எங்க வூட்டு மேசையில அது சொருவியே இருக்கும்."

கரண்டு தாமதமான நாட்களில் அதற்குள் கற்பூரம் அணைந்து கம்பி உள்ளே போயிருக்கும். பெட்டி எழும்போது எல்லாம் இடத்தில் இருந்திருக்கும். முதலாளி ஆன் பண்ணுகிற பதினொரு மணிக்கும் அப்படித்தான்.

கொளஞ்சி ஆணியில் தொங்கிய கம்பியைப் பார்த்தார். "அப்ப என்னாலதான்."

"இல்லண்ணே. உங்க வேலைய நான் வந்து பாக்காம எழுதிட்டேன்."

"இனிமே மொதல்ல சொருவிடறேன்."

"வேணாம். நீங்க எப்பவும் போலவே செய்யுங்க. அவன் காத்திருக்கட்டும்."

ஒரு மணி நேரத்தில் மாற்றினாள். மெயினை ஆஃப் பண்ணச் சொல்லி, கம்பியை ஆணியிலேயே விட்டு, மறுபடி மெயினைப் போடச் சொன்னாள். மேஸ்திரி எழுந்தான், மூன்று பேரும் எழுந்தார்கள். திரையின் உச்சியில் பெரிய எழுத்தில், தமிழில் ஒரே வரி: 'கம்பி இல்லை. காத்திருக்கிறேன்.' இரண்டாங்கிளாஸோடு படிப்பை விட்ட கொளஞ்சி எழுத்துக் கூட்டிப் படித்தார். கம்பியைச் சொருகினார். முப்பத்தொன்று என்று சூடு காட்டியது. அதன்பிறகுதான் பர்னரைப் பற்றவைத்தார்.

பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். இளமதி எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றாள்.

"கம்பிய வெளிய தொங்கவிட்டது யாரும்மா?" என்றார் அவர்.

அவள் கொளஞ்சியைப் பார்த்தாள். "அண்ணே, கம்பியோட ஒயரப் புடுங்குங்க."

சூளை நானூறில் இருந்தது. கொளஞ்சியின் கை போகவில்லை. செய்யாததற்கே ஏழு வருஷம். இப்போது முதலாளி கண் முன்னால் செய்ய வேண்டும். பிடுங்கினார். முதலாளியின் சட்டைப் பையில் போன் கத்தியது. திரை காத்திருக்கிறேன் என்றது. மறுபடி சொருகினார், நானூற்றிரண்டு என்றது.

முதலாளி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நீ தூங்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. இளமதி கையை நீட்டினாள். முதலாளி இடுப்பிலிருந்து பெட்டிச் சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

அடுத்த மாசம் அவள் அப்பா இறந்தார். அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னைக்கே போய்விட்டாள். சூளைக்கு அவள் வந்தது பெட்டி எழுந்த அன்றோடு சரி.

அன்று ஸ்கூட்டியில் ஏறுவதற்கு முன்னால், முதலாளி நின்றுகொண்டிருக்கும்போதே, சாவியைக் கொளஞ்சியின் கையில் வைத்தாள்.

"இது வேற எதுக்காச்சும் ஒரு நாளு நிக்கும்ணே. நிக்காத பொருளு கெடையாது. அப்ப நீங்க மேல இருக்கற மொத வரியப் படிச்சு, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் யாரு வந்து சொன்னாலும் ஆஃப் பண்ண வுடாதீங்க."