ஜி என்றால் இடது

விழிதியூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இன்லண்ட் கடிதம், தேதி 3.4.1988. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை.

'வாரா வாரம் தேதி, கிழமையெல்லாம் போட்டு எழுதுகிறீர்கள். எதையும் நன்றாக விசாரித்துத்தான் வாங்குவீர்கள் போலிருக்கிறது. என்னிடம் நூற்றைம்பது ரூபாய் இருக்கிறது. அதற்குள் தரமான ஹெட்போன் எது, எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.'

படித்துவிட்டுக் கடிதத்தை மடித்தேன், மறுபடி பிரித்தேன். என் மனைவி பிலோமினா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, துக்கக் கடுதாசியா?"

"இல்ல. ஒருத்தருக்கு ஹெட்போன் வாங்கணுமாம்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நண்பரே, நான் வாழ்க்கையில் ஒரே ஒரு ஹெட்போன்தான் வாங்கியிருக்கிறேன். உங்களைவிடக் குறைந்த பணத்தில். உங்களைவிட அதிகமாக விசாரித்து. அந்தக் கதையைச் சொல்கிறேன்... அதற்குப் பிறகும் என்னிடம் யோசனை கேட்கத் தோன்றினால் கேளுங்கள்.

1984 ஜனவரி 22, ஞாயிறு. பூசை முடிந்து வந்தபோது, பிரான்சிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஒருவர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு கேசட். அனுப்பியவன் லூர்து, பிலோமினாவின் தம்பி. அங்கே போய் எட்டு வருஷம். அப்பாவுக்கும் அவனுக்கும் போகும்போதே பேச்சு சரியில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் விளக்கியதில்லை. நானும் துருவியதில்லை.

கேசட்டின் ஒரு பக்கத்தில் 'எல்லோருக்கும்' என்று எழுதியிருந்தது. மறுபக்கத்தில் 'அப்பாவுக்கு மட்டும்'. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'அப்பாவுக்கு எழுதிப் பார்த்தேன், எழுத வரவில்லை. பேசிப் பதிவு செய்திருக்கிறேன். தயவுசெய்து இரண்டாம் பக்கத்தை வேறு யாரும் கேட்க வேண்டாம்.'

அப்பா என்றால் என் மாமனார். பிரெஞ்சு ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து பென்ஷன் வாங்குபவர். எங்களோடுதான் இருந்தார். வீட்டில் மொத்தமே மூன்று பேர். அவருக்குக் காது மந்தம். எவ்வளவு மந்தம்? 'எல்லோருக்கும்' பக்கத்தை அவருக்காக முழு சத்தத்தில் வைத்தோம். லூர்துவின் வீட்டு ஹீட்டர் பழுதானது எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "ஹீட்டர் சரியாயிடுச்சாமா?" என்று விசாரித்தார்.

இரண்டாம் பக்கத்தை அப்படி வைக்க முடியுமா?

பிலோமினா ஒரு வழி சொன்னாள். "அப்பா, சத்தத்தக் கொறச்சு வைக்கிறோம். நீங்க பொட்டிகிட்ட குனிஞ்சு காத வச்சுக் கேளுங்களேன்."

"பொட்டிக்கு முன்னாடி மண்டி போடச் சொல்றியா? நான் மண்டி போடுறது கோயில்ல மட்டுந்தான்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவர் வழக்கம். யார் பேச வந்தாலும் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்வார். பேச வந்தவர் அவருடைய வலது கன்னத்தோடுதான் பேச வேண்டும். பட்டாளத்துத் திமிர் என்று தெருவில் பெயர். எங்கள் வீட்டிலும் அதுதான் பெயர்.

ஆக, ஹெட்போன். கையில் இருந்தது நூறு ரூபாய்.

கடைத்தெருவில் காதர் பாய் என்று ஒருவர் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்தார். விடுப்பில் வருகிறவர்கள் பெட்டியிலிருந்து இறங்கும் சாமான்கள். சோப்பு, சென்ட், கால்குலேட்டர், எப்போதாவது ஹெட்போன். நான்கு சனிக்கிழமை தொடர்ந்து போனேன். நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். எடை எவ்வளவு, வயர் எத்தனை முழம், பஞ்சு கெட்டியா மெத்தா, அரை மணி மாட்டியிருந்தால் காது வலிக்கிறதா...

"சாரே, நீங்க ஹெட்போன் வாங்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?" என்றார் காதர் பாய்.

"ரெண்டுலயும் ஏமாறக் கூடாது பாய்."

"அல்லா காப்பாத்தணும்... எனக்குத்தான் சொன்னேன்."

மூன்று ஹெட்போன்கள் இருந்தன. முதலாவது குஷன் வைத்த பெரிய சைஸ். சத்தம் அருமை. ஆனால் செருகுகிற பின் கட்டைவிரல் தடிமன். எங்கள் டேப் ரெக்கார்டர் துளையில் நுழையாது. இரண்டாவது மலிவு, மெலிசு. செருகுகிற பின்னருகே வயரை வளைத்தால் கரகரவென்றது. (நண்பரே, எதை வாங்கினாலும் இந்த ஒன்றைச் செய்து பாருங்கள். வயர் பின்னோடு சேரும் இடத்தில்தான் மலிவு ஹெட்போனின் ஆயுள் இருக்கிறது.) மூன்றாவது, யாரோ பிரான்சில் ஆறு மாதம் பயன்படுத்தியது. காதில் உட்கார்வதே தெரியவில்லை. கடையின் பெரிய செட்டில் செருகிக் கேட்டேன். இரண்டு காதிலும் கண்ணாடி போல் ஒலித்தது. அதையே எடுத்தேன். பிப்ரவரி 18, சனி.

வீட்டில் வந்து செருகினால் ஒரு பக்கம்தான் கேட்கிறது!

வேகமாக சைக்கிளை மிதித்து மறுபடி கடைக்குப் போனேன். காதர் பாய் தன் செட்டில் செருகிக் காட்டினார். இரண்டும் ஒலித்தன.

"சாமான்ல கோளாறு இல்ல சாரே. உங்க பொட்டி மோனோ. மோனோவுக்கு ஒரு காதுதான். நடுவுல மாட்ட ஒரு பின் இருக்கு, மாட்டுனா ரெண்டுலயும் வரும். இப்ப ஸ்டாக் இல்ல. பெருநாளைக்கு ஆள் வரும்போது சொல்லிவிடுறேன்."

"எப்ப பெருநாளு?"

"வரும்ல?"

யோசித்தேன். கச்சேரியா கேட்கப் போகிறார்? மகன் பேசுவது. ஒரு காது போதாதா? போதும் என்று முடிவு செய்து வீடு திரும்பினேன். இந்த முடிவில் தவறு இல்லை என்பதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாத விஷயம்.

இனி, என் புத்திசாலித்தனம்.

அந்த ஹெட்போனில் ஒரு பக்கம் 'ஜி' என்றும் மறுபக்கம் 'டி' என்றும் பிரெஞ்சு முறையில் பொறித்திருந்தது. பிலோமினாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மாமனார் எங்கள் தெருப் பையன்களுக்கு 'கோஷ், த்ருவாத்' என்று நடை பழக்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! கோஷ் இடது, த்ருவாத் வலது; முதலெழுத்துகள் ஜி, டி. ஜி என்றால் இடது. ஒலி வருவதும் அந்த ஜி பக்கத்தில்தான்.

மாமனாரை நாற்காலியில் உட்காரவைத்தேன். ஜி பக்கத்தை, அதில் எழுதியிருந்தபடியே, இடது காதில் சரியாகப் பொருத்தினேன். பட்டனை அழுத்திவிட்டு நானும் பிலோமினாவும் கொல்லைக்குப் போய்விட்டோம். மகன் பேச்சைத் தகப்பன் தனியாகக் கேட்கட்டும்.

இரண்டு நிமிடம் இருக்கும். உள்ளேயிருந்து குரல்.

"மாப்ள! இது ஓடலையே!"

ஓடி வந்து பார்த்தேன். ரீல் சுற்றிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி, "ஓடுது மாமா, நல்லா ஓடுது" என்று கத்தினேன்.

"ஒண்ணுமே கேக்கல."

கேசட்டைத் திருப்பி, 'எல்லோருக்கும்' பக்கத்தைப் போட்டோம். பிலோமினா ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டினாள். அவள் முகம் மலர்ந்தது. "நல்லாக் கேக்குதேப்பா! தம்பி பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு!" மறுபடி அவருக்கு மாட்டினோம். ஜி பக்கம் இடது காதில். சத்தத்தை முழுதாக ஏற்றினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தத்துக்காகக் காத்திருக்கும் முகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

பிறகு அவரே கழற்றி என் கையில் கொடுத்தார்.

"போதும் மாப்ள. இது முடிஞ்சு போச்சு."

ஹெட்போனைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அன்றைய டைரியில் இருக்கிறது: 'ஹெட்போன் சோதனை தோல்வி. மாமாவுக்குக் காது முழுதும் போய்விட்டது போலும். இரண்டாம் பக்கத்தை ரீவைண்ட் செய்து, கேசட்டை அவர் அலமாரியில் வைத்தேன்.' ஹெட்போனும் டேப் ரெக்கார்டரும் அதன் பக்கத்திலேயே இருந்தன.

அந்த வாரத்திலிருந்து அவர் முகத்தைத் திருப்புவது நின்றுபோனது. பேச வந்தவர்களை நேராகப் பார்த்தார், சிரித்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "அப்பாவுக்குத் திமிரு எறங்கிடுச்சுங்க" என்றாள் பிலோமினா. நான் டைரியில், 'மாமாவிடம் நல்ல மாற்றம்' என்று எழுதியிருக்கிறேன். மார்ச் 4, ஞாயிறு. என் கையெழுத்துதான்.

1985 நவம்பரில் இறந்துபோனார். தூக்கத்தில். லூர்துவால் வர முடியவில்லை.

பென்ஷன் சமாசாரமாக அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களை எடுத்தோம். ராணுவச் சேவைப் புத்தகம் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தேதிகள் என்றால் எனக்கு ருசி. சேர்ந்த தேதி, கப்பல் ஏறிய தேதி, மருத்துவமனையில் இருந்த தேதிகள்... அந்தப் பக்கத்தில் ஒரு வரி. பீரங்கி வெடிச் சத்தத்தால் செவித்திறன் முழுதும் இழப்பு. எந்தக் காது? அடுத்த சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை.

கோஷ்.

இடது காது மட்டும். முப்பது வருஷத்துக்கு முன்பே. வலது காது மந்தம்தான், செவிடில்லை. அவர் முகத்தைத் திருப்பியது திமிரினால் இல்லை. நமக்காக. கேட்கிற காதை நம் பக்கம் கொண்டுவருவதற்காக. நானோ, மகனின் குரலை எடுத்து, எழுத்துப் பிசகாமல், செத்த காதில் வைத்தேன். ஒரு பக்கம்தான் ஒலிக்கும் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. அவர் என்ன நினைத்திருப்பார்? இருந்த ஒரு காதும் போய்விட்டதென்றுதானே? அதற்குப் பிறகு யாருக்காக முகத்தைத் திருப்ப வேண்டும்?

ஹெட்போனைப் பக்கம் மாற்றி மாட்டியிருந்தால் போதும். ஒரு குழந்தை தவறாக மாட்டியிருந்தால்கூடப் போதும்.

"எந்தக் காதுன்னு உனக்குக்கூடவா தெரியாது?" என்று பிலோமினாவிடம் சத்தம் போட்டேன்.

"ரெண்டுந்தான்னு நெனச்சேன்." அழுதுகொண்டே சொன்னாள். "நீங்க நாலு வாரம் கடையில நின்னு கேட்டீங்களே... அப்பாவ ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. தமிழில் காதின் வேலைக்கும் வாயின் வேலைக்கும் ஒரே சொல்தான், கவனித்திருக்கிறீர்களா? காது கேட்காத ஒருவரிடம் நாம் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒரே மனிதர் அவர். தன் காதைத் தெரிந்த ஒரே மனிதரும் அவர்தான். வயரை வளைத்துப் பார்த்தேன், எடை பார்த்தேன், பஞ்சு பார்த்தேன். மாட்டப் போகிற ஆளைப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. டிரங்குப் பெட்டியைத் திறந்த அன்றே அலமாரியிலிருந்து கேசட்டை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தின் நாடா ஆரம்பத்தில் இல்லை. கால்வாசி ஓடி நின்றிருந்தது. நான் தொடவில்லை. பிலோமினாவும் தொடவில்லை என்கிறாள். அவரே ஒரு நாள், நாங்கள் இல்லாத நேரத்தில், ஹெட்போனை மாற்றி மாட்டிப் பார்த்தாரா? பார்த்திருந்தால் ஏன் கால்வாசியில் நிறுத்தினார்? அல்லது 'ரீவைண்ட் செய்தேன்' என்று எழுதிய நான், பட்டனைப் பாதியில் விட்டுவிட்டேனா? என் டைரியை நான் சந்தேகிப்பது இதுவே முதல் முறை.

லூர்து அதன் பிறகு இரண்டு கடிதம் எழுதினான். இரண்டிலும் ஒரே கேள்வி: 'இரண்டாம் பக்கத்தை அப்பா கேட்டாரா? அதை மட்டும் எழுதுங்கள்.' இன்னும் பதில் போடவில்லை. கேசட்டை நாங்கள் போட்டுப் பார்க்கவும் இல்லை. அது எங்களுக்கானதில்லை.

விழிதியூர் நண்பரே, நூற்றைம்பது ரூபாய்க்கு நல்ல ஹெட்போன் கிடைக்கும். யாருக்கென்று நீங்கள் எழுதவில்லை. வேறொருவருக்கு என்றால், கடைக்குப் போகும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என் மாமனார் கேட்டாரா என்பது, இந்தப் பத்தியை எழுதும் இன்று வரை, உறுதி செய்யப்படவில்லை.