மீன்பள்ளத்தில் ஒரு கானான்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே சர்ச்சிலிருந்து எழுந்து ஓடினேன்!

தனியாக ஓடவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி ஸ்டெல்லாவுக்கும் கண்ணைக் காட்டிவிட்டு ஓடினேன். வாசலில் ஏ.சி. வேன் நிற்கிறது. இலவச வேன்! பத்து மணிக்குக் கிளம்பிவிடும். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். ஆஃபர் என்று யாராவது சொன்னால் போதும், என் கால் தரையில் நிற்காது. சோப்புத்தூளுக்கு வாளி இலவசம் என்று வாங்கி வாங்கி, கடலூரில் எங்கள் வாடகை வீட்டில் இப்போது வாளிகள் ஏழு. குழாய் ஒன்று.

இந்த முறை வந்தது வாளி ஆஃபர் அல்ல. மனை! கார்னர் மனை!

'கானான் கிரீன் சிட்டி' என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது. 'பாலும் தேனும் ஓடும் பூமியில் உங்களுக்கென ஒரு பங்கு... இந்த ஞாயிறு மட்டும் பாதி விலை!' சிதம்பரத்தைத் தாண்டி, குமராட்சிப் பக்கம். இலவச வேன், இலவச பிரியாணி, புக் செய்தால் ஒரு தங்கக் காசு. சர்ச்சுக்கென்று தனி இடமே ஒதுக்கியிருக்கிறார்களாம்! பைபிளில் கடவுள் வாக்களித்த பூமி அல்லவா கானான்? நாற்பது வருஷம் வனாந்தரத்தில் நடந்தவர்களுக்கே கடைசியில்தான் அது கிடைத்தது. எனக்கு ஒன்றரை மணி நேரத்தில், ஏ.சி. வேனில்!

எழுந்து ஓடினேன் என்றேனே, சரியாக எந்த இடத்தில் எழுந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். ஐயர் அன்றைக்கு எடுத்தது இயேசு சொன்ன கோபுரக் கதை. கோபுரம் கட்ட ஆசைப்படுகிறவன் முதலில் என்ன செய்யணும்? ஐயர் கேட்டார். அவரே சொன்னார்:

"மொதல்ல உட்காரணும்!"

நான் எழுந்தேன்.

வேனில் எங்களை வரவேற்றவர் ஜெரால்டு. கம்பெனியின் ஆள், என் வயதுதான் இருக்கும். கழுத்தில் டை, கையில் மூன்று போன். "பிரைஸ் த லார்ட் பிரதர்! பிரைஸ் த லார்ட் சிஸ்டர்! ஜெபம் பண்ணிட்டுக் கெளம்பிடலாமா?" ஜெபம் பண்ணினார். நன்றாகத்தான் பண்ணினார். நான் ஆமென் சொல்லும்போதே மனசுக்குள் மாடிப்படி எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேன் ஆலப்பாக்கம் தாண்டியதும் ஸ்டெல்லா மெல்லக் கேட்டாள்.

"மாமா, முன்பணத்துக்கு என்னா பண்ணப் போறீங்க?"

"அதான் அக்கவுண்ட்ல இருக்கே."

"அது என் ஃபீஸு. வெள்ளிக்கிழமை கட்டணும்."

உங்களுக்குச் சொல்லவில்லை அல்லவா? ஸ்டெல்லாவுக்குச் சிதம்பரத்தில் பி.எட். இடம் கிடைத்திருந்தது. கணக்குப் பாடத்தில் அவள் கெட்டி. பக்கத்துத் தனியார் பள்ளியில் நான்கு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால், பி.எட். இல்லாததால் இன்னமும் 'டெம்ப்ரவரி மிஸ்'.

"காலேஜு எங்க போயிடப் போவுது ஸ்டெல்லா? அடுத்த வருஷம் சேந்துக்கலாம். நெலம் போயிடும்!"

"போன வருஷம் பைக்கு எக்சேஞ்ச் ஆஃபர் வந்தப்பவும் இதான சொன்னீங்க? ஆமா, காலேஜு எங்கயும் போவல. நான்தான் போவல."

முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். நான் கண்ணாடி வழியே வெளியே பார்த்தேன்.

"சரி. உங்க இஷ்டம்" என்றாள் ஸ்டெல்லா. கல்யாணமானவர்களுக்கு இந்தச் சொற்களின் அர்த்தம் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தங்கக் காசு!

கானான் வந்துவிட்டது. பெரிய ஆர்ச், பலூன், ஷாமியானா, ஸ்பீக்கரில் பாட்டு. அறுவடை முடிந்த வயலைச் சமப்படுத்தி, வரிசையாக மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பழைய மோட்டார் கொட்டகை. அதன் முகப்புக்குப் பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்து, திராட்சைக் குலை வரைந்திருந்தார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது!

ஒரு விஷயத்தை மட்டும் அப்போது நான் கவனிக்கவில்லை. அத்தனை பெரிய ஷாமியானாவில் நாற்காலியே இல்லை. இருந்த நாலைந்தும் மேஜைக்கு அந்தப் பக்கம். "புக் பண்ணவங்களுக்கு மட்டும் பிரதர்" என்றார் ஜெரால்டு. எல்லோரும் நின்றுகொண்டே இருந்தோம். நின்றுகொண்டே பிளான் பார்த்தோம், நின்றுகொண்டே மோர் குடித்தோம். "பதினேழாம் நம்பர் கார்னர் பிளாட்டு ஒண்ணுதான் இருக்கு பிரதர். பின்னாடி ரெண்டு பேரு நிக்கிறாங்க. இப்பவே போட்டுடுங்க!"

போனை எடுத்தேன். ஸ்கேன் செய்தேன். தொகையைத் தட்டினேன். பின் நம்பர் மட்டும்தான் பாக்கி.

"மாமா!"

குரல் கொட்டகைக்குப் பின்னாலிருந்து வந்தது. வெயில் தாங்காமல் ஸ்டெல்லா நிழல் தேடிப் போயிருந்தாள்.

"ஒரு நிமிஷம் இங்க வாங்க."

"பின் நம்பர் போட்டுட்டு வரேன்!"

"போடறதுக்கு முன்னாடி வாங்க."

ஜெரால்டு புன்னகைத்தார். "சிஸ்டர் டயர்டா இருக்காங்க போல. கூட்டிட்டு வாங்க பிரதர், பிளாட்டப் புடிச்சு வைக்கிறேன்."

எரிச்சலோடு போனேன். கொட்டகையின் பின்பக்கம், ஒரு மஞ்சள் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கல்லைக் காட்டினாள்.

"உக்காருங்க."

"டைம் இல்ல ஸ்டெல்லா. ரெண்டு பேரு நிக்கிறாங்க!"

"உக்காருங்கன்னா!"

உட்கார்ந்தேன். அன்றைக்குச் சர்ச்சில் எழுந்த பிறகு வேனுக்கு வெளியே நான் உட்கார்ந்த முதல் இடம் அதுதான்.

"இப்ப செவுத்தப் பாருங்க."

முகப்புக்கு அடித்த பச்சைப் பெயின்ட் பின்பக்கத்துக்கு வரவில்லை. அங்கே பழைய சுவர் அப்படியே இருந்தது. அதில் குறுக்கே, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வெளுத்த சுண்ணாம்பு. கீழே வண்டல் நிறம்... இடுக்கில் காய்ந்த நத்தை ஓடுகள்.

கோடு எங்கே இருந்தது தெரியுமா? உட்கார்ந்திருந்த என் தலைக்கு மேலே!

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, நீங்களும் வாங்க வந்தவுங்களா?"

"ஆமாக்கா. கானான்ல ஒரு மனை..."

"கானானா? அது ஆருப்பா கானான்? இதுக்குப் பேரு மீன்பள்ளம்."

"மீன்பள்ளமா?"

"கொள்ளிடத்துல தண்ணி ஜாஸ்தியாச்சுன்னா மொத இங்கதான் வரும். மீன் புடிக்க வலகூட வாணாம், துண்டே போதும்! போன மழையில இந்தக் கொட்டா மேல எங்கூட்டுக் கோழி ரெண்டு நாளு குந்திக்கினு இருந்துச்சு. நீ ஊடு கட்டு, ரெண்டு மாடியாக் கட்டு. கீழ மீன வெச்சுக்கோ, மேல நீ இரு."

ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் அந்தத் தொகை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அது ஸ்டெல்லாவின் ஒரு வருஷம்! என் செலவுப் பட்டியலில் மனை விலை இருந்தது, பத்திரச் செலவு இருந்தது, வேலிக்கம்பிகூட இருந்தது. அவள் இல்லை. வாங்குவது நான். விலை கொடுக்கப்போவது கையெழுத்தே போடாத ஒருத்தி.

பணம் அனுப்புவதை ரத்து செய்தேன். மேஜைக்குத் திரும்பினோம். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கிக்கொண்டிருக்க, ஸ்டெல்லா சாதாரணமாகக் கேட்டாள்.

"பிரதர், இதுல உங்க பிளாட்டு எது?"

"எனக்கு இங்க இல்ல சிஸ்டர். நான் பண்ருட்டிப் பக்கம் வாங்கிப் போட்டுட்டேன். மேட்டுல—"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், அவருக்கும் டார்கெட் இருக்கும். திட்ட மனசு வரவில்லை. காலையில் நன்றாக ஜெபம் பண்ணின மனுஷன்! வேனில் உடன் வந்தவர்களிடம் மட்டும், கொட்டகையின் பின்பக்கம் நல்ல நிழல், போய் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். நாலைந்து பேர் உடனே கிளம்பினார்கள். பிரியாணி? புக் செய்தவர்களுக்குத்தானாம். எங்களுக்குத் தயிர் சாதம். அதையும் விடவில்லை, உட்கார்ந்து சாப்பிட்டேன்!

வேனுக்குக் காத்திருக்காமல் மினி பஸ் பிடித்தோம். சிதம்பரம் நெருங்கும்போது நடராஜர் கோயில் கோபுரங்கள் தெரிந்தன. ஸ்டெல்லா பிறந்து வளர்ந்தது அங்கேதான். முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொல்லும் அந்தக் கோபுரக் கதையைச் சண்டே ஸ்கூலில் கேட்கும்போதெல்லாம் கீழவீதிக் கோபுரம்தான் மனசில் வருமாம். "எவ்ளோ பெருசு! இதைக் கட்டுறதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் உக்காந்து யோசிச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன் மாமா."

எனக்குப் பளிச்சென்றது. எந்த ஆஃபராவது நம்மை உட்கார விடுகிறதா, யோசித்துப் பாருங்கள். 'இன்று மட்டும்', 'கடைசி மூன்று', 'உடனே முந்துங்கள்'... எல்லாமே நிற்க வைக்கும், ஓட வைக்கும். விலையைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். நாம் கொடுக்கப்போகும் விலையை? அது சுவரின் பின்பக்கத்தில் இருக்கும்.

நானும் விசுவாசிதான். எனக்கு இலவசமாகவே வந்த ஒன்று உண்டு. தேவ கிருபை. அதற்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு யார், என்ன விலை கொடுத்தார் என்பதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. பொடி எழுத்தில் அடியில் போடவில்லை. சிலுவையாகச் செய்து, ஊரெல்லாம் பார்க்கும்படி எங்கள் சர்ச்சின் உச்சியிலேயே வைத்திருக்கிறார்கள்! தினமும் அதன் கீழே பைக்கில் போகிறேன். அண்ணாந்து பார்க்க மினி பஸ் பயணம் தேவைப்பட்டது எனக்கு.

வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்டினோம். ரசீதை நான்தான் வாங்கினேன். தங்கக் காசு கிடைத்திருந்தால்கூட அவ்வளவு பத்திரமாகப் பிடித்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை நான் வீடு திரும்பியபோது, ஜன்னலோரம் புதிதாக ஒரு நாற்காலி. ஸ்டெல்லா படிப்பதற்கு. அதில் இன்னும் விலைச்சீட்டு தொங்கியது. சிவப்பு மையில் பாதி விலை!

"ஆஃபரா?" என்றேன். எப்படிச் சிரித்திருப்பேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "ஆமா மாமா. ஆனா கடையிலயே உக்காந்து பாத்துட்டுத்தான் வாங்குனேன்."