மச்சானுக்கு அளவெடுத்த வண்டி

என் தங்கை வெல்டாவின் புருஷன் டெல்மரைப் பற்றி எங்கள் ஊர் ஆஷ்டனில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "தங்கமான மனுஷன். ஆனா வாயத் தொறக்க மாட்டான்." குளிர்காலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவான். உருளைக்கிழங்கு அறுவடைக்குப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால், ஊரில் உடைந்து கிடக்கும் கிழங்கு தோண்டும் மெஷின்களுக்கெல்லாம் வெல்டிங் வைப்பான். நான் அவனுக்கு நேர் எதிர். வாய் ஓயாது, கோபமோ மூக்கு நுனியில் இருக்கும். இப்படிப்பட்ட இரண்டு பேரும் வருஷா வருஷம் மலையில் ஒரே கூடாரத்தில் படுத்து வேட்டையாடினோம். நான் பேசுவேன், அவன் குறட்டை விடுவான்.

அப்புறம் என் நுரையீரல் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலமெல்லாம் தானியக் கிடங்குத் தூசியைச் சுவாசித்ததற்குக் கிடைத்த பரிசு. படுத்தால் மூக்கில் குழாய் மாட்டிக்கொள்ள வேண்டும், பக்கத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் மூச்சு மெஷின் ஓட வேண்டும். அது இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மலையில் கரண்டுக்கு எங்கே போவது? துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் பூட்டினேன். டெல்மர் தனியாகப் போனான். பாதி வேட்டையிலேயே திரும்பி வந்தான். ஏன் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு மூஸ் பர்மிட் விழுந்தது! மூஸ் என்றால் குதிரை உயரத்துக்கு நிற்கும் மான். ஆண் மூஸ் சுடும் பர்மிட்டைக் குலுக்கலில்தான் கொடுப்பார்கள். அதுவும் ஆயுசுக்கு ஒரு தடவை. வாலிபத்திலிருந்து எழுதிப்போட்டுக் கொண்டிருந்தேன். கை கால் திடமாக இருந்தபோதெல்லாம் விழாத பர்மிட், மூச்சு முட்டும்போது வந்து விழுகிறது. என்ன கொழுப்பு பாருங்கள்.

"வேண்டாம்னு திருப்பி அனுப்பிடறேன்" என்றேன், வெல்டா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில்.

டெல்மர் மென்றதை விழுங்கினான். பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தான். "மச்சான், எந்திரி."

தரையிலிருந்து என் இடுப்பு வரைக்கும் அளந்தான். அப்புறம் தோள், அப்புறம் நீளம்.

"என்ன மாப்ள, சவப்பெட்டிக்கா?"

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு. அசையாம நில்லு."

பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஏற்றி வைக்கும் படுக்கை அறைகளைக் கடைகளில் போய்ப் பார்த்தோம். அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கண்ணாடி என்று கல்யாண மண்டபம் மாதிரி இருந்தன. டெல்மரின் பழைய வண்டி அந்தப் பாரத்துக்கு முதல் மேட்டிலேயே படுத்துவிடும். "நானே கட்டறேன்" என்றான்.

பிளைவுட், கிழங்குக் கிடங்கில் மிஞ்சிய தகரம், கனத்த தெர்மோகோல் அட்டை. ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால் உள்ளே அடுப்பு கிடையாது. அதற்குப் பதில் சுவரை இரட்டையாக வைத்தான். நான் ஏறாமல், இறங்காமல், சும்மா உட்கார்ந்து சாய்கிற உயரத்தில் கட்டில். தலைமாட்டில் மெஷினுக்கு ஒரு மாடம், பின்தொட்டிக்குள் சக்கரம் புடைத்திருக்கும் இரண்டு பக்கமும் மெஷினுக்குக் கரண்ட் தர பேட்டரி. முகத்துக்கு நேரே ஒரு சின்ன ஜன்னல். வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டுப் படுக்க வைப்பான்.

"இடது பக்கம் திரும்பு. குழாய் இழுக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

இழுத்தது உண்மைதான். மாடத்தைப் பிய்த்து நகர்த்தினான்.

வெல்டா வாத்துப் படம் போட்ட திரை தைத்து மாட்டினாள். "எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு அலமாரி செஞ்சு குடுத்ததில்ல இந்த மனுஷன். அண்ணே, நீ கொடுத்து வெச்சவன்" என்றாள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

செப்டம்பரில் மூவரும் மலையேறினோம். அவர்கள் இரண்டு பேரும் கூடாரத்தில், நான் ராஜா மாதிரி பெட்டிக்குள். காலையில் ஜன்னலைத் திறந்தால் ஓடைக்கரை, பனி, பைன் மர வாசனை. இனிமேல் இது கிடையாது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கே ஓடையோரப் புதரிலிருந்து மூஸ் வெளியே வந்தது. விழுந்த மரத்தில் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சை அடக்கிச் சுட்டேன். ஒரே குண்டு. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்று கடவுளுக்கு நன்றி சொன்னோம். அப்புறம் கத்தி எடுத்தது அவர்கள். நான் மரத்தடியில் உட்கார்ந்து யோசனை சொன்னேன்.

"அண்ணே, மூச்சு விடறது உன் வேலை. அத மட்டும் பாரு" என்றாள் வெல்டா.

தொடை, தோள், விலா என்று மலை மாதிரி இறைச்சி சேர்ந்தது. துணிப்பைகளில் கட்டினார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கெடுவதற்குள் ஊர் சேர வேண்டும். டெல்மர் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, பழக்க தோஷத்தில் ஒரு தொடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தொட்டியருகே போனான்.

போனவன் அப்படியே நின்றான்.

தொட்டியில்தான் என் படுக்கை அறை இருக்கிறதே!

பிறந்ததிலிருந்து வேட்டையாடுகிற ஆள். அடித்ததை எல்லாம் தொட்டியில் போட்டே ஊர் வந்தவன். மாதக்கணக்கில் அளந்து அளந்து கட்டியதில், மிருகத்தை எங்கே போடுவது என்று ஒரு தடவைகூட அவனுக்குத் தோன்றவில்லை. பெட்டியைத் தொட்டியோடு சேர்த்து முறுக்கி போல்ட் போட்டு வைத்திருந்தான்.

"அண்ணனோட முழங்கைக்குக்கூட அளவெடுத்தீங்க. இவ்ளோ பெரிய மிருகம் ஞாபகத்துக்கு வரலியா?" என்றாள் வெல்டா.

"மறந்தே போச்சு." அவன் காது சிவந்துவிட்டது.

நான் மூச்சு வாங்கும் அளவுக்குச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அந்தப் பெட்டியில் அவன் என்னை மட்டுமே நினைத்திருக்கிறான். "போடு மாப்ள, என் கட்டில்லயே போடு" என்றேன்.

மெஷினை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். புது மெத்தையில் மூஸ் படுத்தது. கொம்பு கதவுக்குள் நுழையாததால் கூரையில் கட்டினோம். கூரையில் கொம்பும் ஜன்னலில் வாத்துத் திரையுமாக ஊருக்குள் போனதை இன்னமும் சர்ச்சில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

குளிர்காலத்தில் ஒரு நாள், அந்த மூஸ் கறியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெட்டிக்கு நாலு இரும்புக் கால் வெல்டிங் வைத்திருப்பதாக டெல்மர் சொன்னான். முகாமில் பெட்டியை இறக்கி நிறுத்திவிட்டால் தொட்டி காலியாகிவிடுமாம்.

"எதுக்கு மாப்ள? எனக்குத்தான் ஆயுசுக்கும் பர்மிட் முடிஞ்சு போச்சே. பெட்டியக் கழட்டி வித்துடு."

"எனக்கு எல்க் மான் வேட்டை இருக்கு."

"அதுக்கு நான் எதுக்கு?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீ இல்லாம கூடாரத்துல பேச்சுச் சத்தமே இல்ல மச்சான். எனக்குத் தூக்கம் வரல."