பியட் பட்டியில் ஒரு குங்குமப் பொட்டு

எங்கள் சந்தில் பெல்ட் பக்கிளுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் இரண்டு சக்கரங்கள். ஒன்றில் நான், வேல்ராஜ். மற்றதில் ஷைஸ்தா. தாராவியில் பாலிஷ் சக்கரத்தில் நிற்கும் பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மேலப்பாளையத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். பக்கிள் அடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஒருநாள் சக்கரத்து ஆள் வரவில்லை. "நான் நிக்கட்டா?" என்று கேட்டு நின்றவள், பதினோரு வருஷமாக நிற்கிறாள். சாயங்காலம் முகம் முழுக்கக் கறுப்பு, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை. "கண்ணாடி போட்ட ஆந்தை" என்று தன்னையே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் எப்பேர்ப்பட்டவள் என்று தெரிய அந்தச் சனிக்கிழமை ஒன்று போதும்.

மாட்டுங்காவில் வைத்தீஸ்வரன் என்று ஒருவர், ரயில்வே ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். அவரிடம் பழைய பியட் கார் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கார்களின் ஊர்வலம். பெயிண்ட் முடிந்து, சீட் முடிந்து, வண்டி தயார். கதவுகளில் ஓடும் நான்கு அலுமினியப் பட்டிகள் மட்டும் புரை விழுந்த கண் மாதிரி மங்கிக் கிடந்தன. மூன்று பட்டறைகள் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டன. ஷைஸ்தா வாங்கி வைத்துக்கொண்டாள்.

"பாத்துக்கோம்மா. ஒண்ணு கெட்டாலும் போச்சு. இதுக்கு மாத்து பம்பாயிலேயே கெடையாது. பட்டி இல்லாம நான் வண்டிய வெளிலயே எடுக்க மாட்டேன்" என்றார் வைத்தீஸ்வரன்.

"நீங்க ஊர்வலத்துக்குச் சட்டைய இஸ்திரி போட்டு வைங்க சாமி. பட்டி வந்துரும்."

அவர் போனதும் சந்தில் ஒரே கேலி. "பக்கிள் தேய்க்கிறவ கார் தேய்க்கக் கிளம்பிட்டா!"

முதல் பட்டியை ஒரு மணி நேரம் சக்கரத்தில் பிடித்தோம். மங்கல் அப்படியே இருந்தது. பித்தளையாக இருந்தால் அதற்குள் முகம் பார்க்கலாம். ஷைஸ்தா பட்டியைத் திருப்பி, அடியில் ஓர் ஓரத்தை ஆணியால் கீறினாள். கீறல் மட்டும் பளிச்சென்று மின்னியது.

"அண்ணே, மேல ஒரு தோல் இருக்கு! நாம இவ்வளவு நேரமும் தோலைத்தான் தேய்ச்சிருக்கோம்!"

அலுமினியத்தின் மேல் மின்சாரம் விட்டு ஏற்றும் அந்தத் தோலுக்கு அனோடைஸ் என்று பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளுக்குப் பெயர் தெரியாது. ஆனால் சாக்கடை அடைப்புக்குப் போடும் காஸ்டிக் சோடா ஒருமுறை வீட்டு அலுமினியக் குக்கர் மூடியில் பட்டு, மேலாக அரித்து, நுரைத்துக் கறுத்துப் போனது ஞாபகம் இருந்தது. பிளாஸ்டிக் தொட்டியில் அதைக் கரைத்து, ரப்பர் கையுறை போட்டு, "பிஸ்மில்லா" சொல்லிப் பட்டியை இறக்கினாள். குபுகுபுவென்று நுரை கிளம்பியது. நான் முருகனைக் கூப்பிட்டேன். சில நிமிஷத்தில் எடுத்தாள். பட்டி கரி மாதிரி இருந்தது. கழுவி, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் இழைத்து, புதுத் துணிச் சக்கரத்தில் பிடித்தாள்.

அடடா! குழாயிலிருந்து விழும் தண்ணீர் அப்படியே உறைந்து நின்றது மாதிரி இருந்தது. சந்தில் கேலி செய்தவர்களெல்லாம் வரிசையில் நின்று அதில் தலை சீவினார்கள்.

ஆனால் தோலில்லாத அலுமினியம் இந்தக் கடல் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. புதுத் தோல் ஏற்ற வேண்டும். மற்ற மூன்றையும் இதேபோல் முடித்து, சனிக்கிழமை மத்தியானம் நான்கு பட்டிகளையும் பழைய சேலையில் சுற்றி, சயானில் ரயிலேறி, லக்கேஜ் பெட்டியில் மீன் கூடைகளுக்கு நடுவே நின்றபடி பாண்டுப்புக்குப் போனோம். அங்கே கணேசபாண்டியன் அனோடைஸ் வேலை செய்கிறார். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான்.

அவர் பட்டிகளைக் கழுவி, சோதனைக்கு ஒரு ஜன்னல் சட்டத் துண்டையும் சேர்த்து, கரண்ட் ஓடும் தொட்டியில் தொங்கவிட்டார். அரைமணி கழித்து எடுத்து அலசிக் கொக்கியில் மாட்டினார். "வெந்நி கொதிக்கட்டும். அதுல வேகவச்சா வேலை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். வேலை முடிந்த சரக்கில் முதல் உருப்படிக்கு நான் குங்குமம் வைப்பேன். பேக் செய்யும்போது துடைத்துவிடுவோம். இத்தனை வருஷத்தில் எந்தப் பக்கிளிலும் கறை நின்றதில்லை. வேலை முடிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில், மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஈரமாகத் தொங்கிய முதல் பட்டியின் நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்தேன்.

கணேசபாண்டியன் திரும்பி வந்து பார்த்தார். துணியால் துடைத்தார். பொட்டு போகவில்லை. அழுத்தித் தேய்த்தார். அப்போதும் போகவில்லை.

"என்னவே பண்ணி வச்சிருக்கீரு! வெந்நில வேகுற வரைக்கும் தோல் பூரா ஓட்டைவே. எந்தச் சாயம் பட்டாலும் உள்ள உறிஞ்சிக்கிடும். கலர் ஏத்துறதே இப்படித்தான்!"

திரும்ப உரித்து, இழைத்து, பாலிஷ் போட நேரமில்லை. ஊர்வலம் மறுநாள் காலை. "தாயீ, நான் பாவி" என்றேன்.

"சும்மா இருங்கண்ணே, டென்ஷன் எடுக்காதீங்க" என்றாள் ஷைஸ்தா. அவள் பார்வை மூலையில் கிடந்த அமிலத் தொட்டியில் இருந்தது. நாங்கள் வந்தபோது கணேசபாண்டியன் கறுத்துப்போன ஜன்னல் சட்டங்களை அதில் முக்கி வெள்ளையாக எடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

"பாண்டியண்ணே, அந்தக் கறுப்ப எடுக்கிற தொட்டி இந்தச் சிவப்ப எடுக்காதா?"

"எடுத்தாலும் எடுக்கும். தோலையும் சேத்துத் தின்னுட்டா? நான் பொறுப்பில்ல தாயீ."

"அப்போ பட்டிய விடுங்க. கூடத் தொங்குதே, அந்தத் துண்டுச் சட்டத்தக் குடுங்க. வேலண்ணே, குங்குமத்த எடுங்க. இதுக்கும் ஒரு பொட்டு வைங்க. நல்லாப் பெருசா!"

வைத்தேன். அவள் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. இடுக்கியில் பிடித்து அமிலத்தில் இறக்கினாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். சிவப்பு மெல்ல ரோஸ் ஆனது. ரோஸ் மஞ்சளித்தது. பிறகு எதுவுமே இல்லை! கணேசபாண்டியன் துண்டை அலசி நகத்தால் சுரண்டினார். தோல் அப்படியே இருந்தது.

"அரே வா!" என்று கத்திவிட்டார். "பட்டியக் கொண்டா!"

பட்டியும் வெளுத்து வந்தது. அலசிய கையோடு நான்கையும் கொதிக்கும் தண்ணீரில் இறக்கினார். வெந்து முடியும்வரை ஷைஸ்தா தொட்டியை விட்டு நகரவில்லை. என்னையும் பக்கத்தில் விடவில்லை. "அந்தப் பொட்டலத்த மடிலயே கட்டி வைங்க. அவிழ்த்தீங்க, உங்களையும் உள்ள போட்டிருவேன்."

வெளிச்சம் இருக்கும்போதே மாட்டுங்கா வந்துவிட்டோம். ஷைஸ்தாவே கிளிப்பில் பொருத்தி, உள்ளங்கையால் தட்டித் தட்டி நான்கையும் மாட்டினாள். தெருவிளக்கு எரிந்ததும் வெளிச்சம் முன் கதவிலிருந்து பின் கதவுக்கு ஒரே ஓட்டமாக ஓடியது. வைத்தீஸ்வரன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நன்னா இருக்கும்மா! ரொம்ப நன்னா இருக்கு!" என்றவர் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் தட்டு. கற்பூரம், சந்தனம், குங்குமம்.

நேராகப் பட்டிக்கு விரலைக் கொண்டுபோனார்.

"ஐயோ சாமி, வேண்டாம்!" என்று அலறி அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

ஷைஸ்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "விடுங்கண்ணே. வெந்திருச்சில்ல, இனி ஒட்டாது. வைங்க சாமி."

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தபடியே வைத்தார். அவள் குனிந்து கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தாள். பட்டி சுத்தமாக மின்னியது. சிவப்பெல்லாம் அவள் விரலில்.

"பாத்தீங்களா?" என்று விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். பிறகு நிமிர்ந்து, "சாமி, நான் அழிச்சிட்டேன். திரும்ப ஒரு பொட்டு வைக்கணும். வேலண்ணனே வைக்கட்டும்" என்றாள்.